நலிந்த இளங்கன்றைப் பேணுதல்: இராமநாதபுரம் கடலோரக் கிடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை நீளும் கடலோரத்தில், மாட்டைக் கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்ப்பவர்களும் உண்டு. மந்தையாக ஓட்டிச் சென்று பகலில் கண்மாய் உள்வாயிலும் கருவேலங்காட்டிலும் மேய்த்து, இரவில் கிடை அமர்த்துபவர்களும் உண்டு. இக்குறிப்பு இரண்டாம் வகையினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐம்பது, நூறு மாடு நிற்கும் கிடையில் கன்று எந்த நேரத்தில் விழுந்தது, சீம்பால் குடித்ததா, நேற்றே கழிந்ததா என்பதை எவரும் உடனே அறிவதில்லை. நம் கண்ணில் படும்போது அது ஏற்கெனவே துவண்டு போயிருக்கும். எழுதுபவன் மருத்துவன் அல்லன், கிடை வைத்திருப்பவன். ஆகவே மருந்துகளைப் பற்றியல்ல, மருத்துவர் வந்து சேரும்வரை நம் கையில் இருக்கும் சில மணி நேரத்தைப் பற்றியே இங்கு அதிகம் சொல்லப்படுகிறது.

விடியற்காலையில் பார்த்தால், சிறிய கன்று ஒன்று எழ முடியாமல் கிடக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

என்ன நோய் என்று ஆராய்வதற்கு முன், கன்று குளிர்ந்து போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு ஒரு விரலைக் கன்றின் வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றிச் சப்பினால் பாதிக் கவலை தீர்ந்தது. வாய் சில்லென்று இருந்து, சப்பும் முயற்சியே இல்லாவிட்டால் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நலமாக உள்ள கன்றின் உடல் வெப்பம் 101.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். 100-க்குக் கீழே இறங்கியிருந்தால் அப்போதைக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம், சூடேற்றுவதே வேலை.

கடலோரத்தில் குளிர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கன்றுக்கும், மார்கழி வாடையில் பனி குடித்துக் கிடந்த கன்றுக்கும் நாம் போர்வைக்குள் உணரும் குளிர் கணக்காகாது. ஈரமும் காற்றும் சேர்ந்தால், 15 கிலோ எடையுள்ள சிறு உடல் தன் சூட்டை ஓரிரவுக்குள் இழந்துவிடும். உலர்ந்த சாக்கால் மயிரின் போக்குக்கு எதிராக அழுத்தித் துடைத்து, இன்னொரு சாக்கை மடித்து விரித்து அதன்மேல் கிடத்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி வயிற்றோரத்திலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். தொட்டி இருந்தால், கை பொறுக்கும் சூட்டிலான நீரில் கழுத்துவரை இறக்கி வைத்துப் பின் முற்றிலும் உலர்த்துவது இன்னும் விரைவாகப் பலன் தரும். நெருப்பு மூட்டி அதன் அருகில் கிடத்துவதை நான் ஏற்பதில்லை; புகை நுரையீரலுக்குக் கெடுதி, நகர முடியாத கன்றுக்குத் தோலும் வெந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை வெப்பத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

கன்றை ஒருக்களித்துச் சாய்ந்தபடி விட்டுவிடக் கூடாது. நெஞ்சு தரையில் பதிய, கால்களை மடக்கி உட்கார்த்தி, இருபுறமும் மணல் நிரப்பிய சாக்கை அணை கொடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும்.

சித்திரை, வைகாசியில் இதற்கு நேர்மாறான நிலையும் வரும். வெயிலில் கிடந்த கன்று 104 காட்டினால் அதை உடனே காய்ச்சல் என்று எழுதிவிடாமல், நிழலுக்கு மாற்றி, உடலை நனைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி பார்த்த பின்பே முடிவு செய்வது நல்லது.

நஞ்சுக்கொடி விழுவதற்கு முன் சீம்பால் ஊட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

பெரியவர்களிடமிருந்து கற்றவை பல. ஆனால் இந்த ஒன்றால் செத்த கன்றுகளை எண்ண முடியாது. கொடியைச் சாக்கில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவது அவரவர் நம்பிக்கை, அதனால் கன்றுக்கு ஒன்றும் நேராது. கொடி விழும்வரை கன்றைக் காம்பிலிருந்து பிடித்து வைப்பதுதான் தீங்கு. மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு பங்கைக் கருவிலேயே பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. எதிர்ப்பாற்றல் முழுவதும் சீம்பாலில்தான் உள்ளது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில் மிகுதியாக இருந்து, படிப்படியாகக் குறைந்து, 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. மேலும் கன்று முட்டிக் குடிப்பதால் மடியில் ஏற்படும் தூண்டுதலே கருப்பையைச் சுருங்கச் செய்து, கொடி விழவும் உதவுகிறது. கொடிக்காகக் காத்திருந்து பாலை மறுப்பவர், கொடி விழும் வழியையும் சேர்த்தே அடைக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். கன்றுக்குரிய பங்கு அதன் வயிற்றுக்குள் போன பிறகு மிஞ்சுவதை அவித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சீம்பால்? எடை தெரியாமல் எப்படிக் கணக்கிடுவது?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதில் பாதியைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். 16 கிலோ கன்றுக்கு மொத்தம் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். நாட்டு மாட்டுக் கன்றுகள் 15 முதல் 20 கிலோவுக்குள் பிறப்பது வழக்கம். தலையீற்றுக் கிடாரியின் கன்று இன்னும் சிறியதாக இருக்கலாம். கண்மதிப்பை நம்ப வேண்டாம். மீன் எடை போடும் தராசு இல்லாத கடற்கரை ஊர் நம் பக்கத்தில் இல்லை. கன்றைச் சாக்கில் இறக்கித் தூக்கினால் சரியான எடை தெரிந்துவிடும். இனி வரும் அளவுகள் எல்லாம் எடையை வைத்தே சொல்லப்படுகின்றன.

தாய்ப்பசு இறந்துவிட்டது, அல்லது மடியில் பாலில்லை. என்ன வழி?

முதல் நாளாக இருந்தால், அதே கிடையில் அண்மையில் ஈன்ற வேறு பசுவின் சீம்பால் வேண்டும். முன்னேற்பாடாக, பால் மிகுதியான பசுவின் முதல் கறவையைச் சுத்தமான பாட்டில்களில் உறைய வைத்துச் சேமிக்கலாம். நன்கு உறைந்த நிலையில் மாதக்கணக்கில் கெடாது. உறைந்ததை இளக்கும்போது கொதிநீரில் போட்டால் எதிர்ப்பாற்றல் அழிந்துவிடும். கை பொறுக்கும் வெந்நீரில் மெல்ல இளக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாதவர்கள், மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மாற்றிக்கொண்டே இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். மூடி இறுக்கமான பாட்டிலாக இருப்பது அவசியம்.

அதன் பின் வேறு பசுவின் பாலோ, ஆட்டுப்பாலோ போதும். வெள்ளாட்டுப்பால் கன்றுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. எதுவும் கிடைக்காத அன்று, கொழுப்பு நீக்காத பாக்கெட் பாலைத் தண்ணீர் கலக்காமல் உடல் சூட்டுக்குக் காய்ச்சிக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு. நலிந்த கன்றுக்கு அதை நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கன்று இறந்த பசுவொன்று கிடையில் இருந்தால், இறந்த கன்றின் தோலை இந்தக் கன்றின் மேல் போர்த்திப் பழக்கும் பழைய முறை இன்றும் பலிக்கிறது. ஆனால் நோயில் இறந்த கன்றின் தோலை அவ்வாறு பயன்படுத்தக் கூடாது.

கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல. நீரும் உப்பும் வெளியேறுவதே. பாலையும் நிறுத்தினால் பட்டினியும் சேர்ந்துகொள்ளும். பாலைச் சிறு சிறு அளவாகத் தொடர்ந்து கொடுத்து, இடையில் உப்பு-குளுக்கோஸ் கரைசலை ஊட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது; கலந்தால் பால் வயிற்றில் தயிராகத் திரளும் செயல் கெடும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி போதுமானது.

எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதைக் கழுத்துத் தோலும் கண்ணும் சொல்லும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மடிப்பாகவே நின்றால் நீர் வற்றியிருக்கிறது. கண்ணுக்கும் இமைக்கும் நடுவே ஓர் அரிசி மணி நிற்கும் அளவு குழி விழுந்திருந்தால், எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு நீர் போய்விட்டது என்று கொள்ளலாம். 20 கிலோ கன்றில் நூற்றுக்கு எட்டு என்பது 1.6 லிட்டர். அதை ஈடு செய்ய வேண்டும். அன்றாடத் தேவையான ஒன்றரை லிட்டரளவு தனி. இன்னும் கழிந்துகொண்டிருப்பது அதற்கும் மேல். ஒரு டம்ளர் ஊட்டிவிட்டுத் திருப்தியடைபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல், அரை அரை லிட்டராகப் பல வேளை கொடுக்க வேண்டியிருக்கும். நூற்றுக்குப் பத்தைத் தாண்டி, கன்று நிற்கவும் சப்பவும் மாட்டாத நிலைக்கு வந்தால் வாய்வழி நீர் போதாது. நரம்பில் ஏற்ற வேண்டும், அது மருத்துவர் வேலை.

கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கலாமா? நம் ஊரில் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

பனை நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான். ஆயினும் இளங்கன்றுக்குக் கருப்பட்டியோ, வெல்லமோ, சீனியோ கூடாது. இவற்றில் உள்ள இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். அதை உடைத்துச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி நீரை உள்ளிழுக்க, கழிச்சல் தணிவதற்குப் பதிலாகக் கூடுகிறது. மனிதக் குழந்தைக்குச் சீனியும் உப்பும் கலந்து கொடுப்பது பயன் தருகிறது. கன்றுக்கும் அதுவே என்று நாம் எண்ணியதுதான் பிழை.

கன்றுக்கு வேண்டியது குளுக்கோஸ். கால்நடை மருந்துக் கடையில் கன்றுக்கென்றே விற்கும் தூள் சிறந்தது. அது கிடைக்கும்வரை மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்தபடி ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவன அளவின்படி அதில் குளுக்கோஸ் 13.5 கிராமும் சாப்பாட்டு உப்பு 2.6 கிராமும், சிறிது பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். அதுவும் இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஐந்து தேக்கரண்டி குளுக்கோஸும் மட்டமாக அளந்து கலக்கலாம். குவித்து அள்ள வேண்டாம்.

எங்கள் கிணற்று நீரே உப்பு. அதில் கரைக்கலாமா?

கரைக்கக் கூடாது. நம் கடலோரத்தின் தனிச் சிக்கல் இதுவே. வேறு ஊர்க் கையேடுகளில் இதற்கு விடை இருக்காது. உவர் நீரில் பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு இரட்டிப்பாகி, நீர் வற்றிய கன்றுக்கு நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் வரக்கூடும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் உப்பு இன்னும் கூடும். நாக்கில் வைத்துக் கரித்தால் அந்த நீர் வேண்டாம். வீட்டுக்குக் குடிக்க வாங்கும் குடத்து நீர், காவிரிக் கூட்டுக் குடிநீர், சேமித்த மழைநீர், மணலில் தோண்டிய ஊத்தில் கிடைக்கும் நன்னீர் ஆகியவற்றில் ஒன்றைக் காய்ச்சி ஆற்றிப் பயன்படுத்துங்கள். மூன்று நாளைக்குப் பத்து லிட்டர் போதும். ஒரு குடம் நீரைக் கன்றுக்கென ஒதுக்கி வைப்பது பெரிய செலவல்ல.

மூங்கில் குழாயில் ஊற்றலாமா?

சப்பும் கன்றுக்குக் குழாய் தேவையில்லை. சப்பாத கன்றுக்குக் குழாய் ஆபத்து. கன்று காம்பையோ ரப்பர் நிப்பிளையோ சப்பும்போது உணவுக் குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் இரைப்பைக்குச் செலுத்துகிறது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் பால் முதல் இரைப்பையில் தேங்கிப் புளிக்கும். அல்லது மூச்சுக்குழலில் இறங்கும். நானும் ஒருமுறை அவசரத்தில் அப்படி ஊற்றினேன். கன்று இரண்டு முறை இருமியது. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் மூச்சு இரைத்தது, மூன்றாம் நாள் இறந்தது. கழிச்சல் அதற்கு முன்பே நின்றிருந்தது.

நிப்பிள் பாட்டிலைக் கன்றின் தோள் உயரத்துக்குச் சற்று மேலே பிடித்து, கழுத்து இயல்பாக நீண்டிருக்கும்படி ஊட்ட வேண்டும். நிப்பிள் ஏற்காத சிறு கன்றுக்குப் பாலாடையில் (குழந்தைக்குப் பாலூட்டும் சங்கு) கடைவாய் ஓரமாகச் சில துளிகள் விட்டு, விழுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம். வயிற்றுக்குள் குழாய் செலுத்தி ஊட்டும் முறையும் உண்டு. அதை ஒருமுறையாவது மருத்துவர் முன்னிலையில் செய்து பழகியவரே செய்ய வேண்டும்.

கழிச்சலின் நிறத்தை வைத்து நோயைச் சொல்ல முடியுமா?

நிறத்தைவிட வயது நன்றாகச் சொல்லும். பிறந்த நான்கைந்து நாளுக்குள் நீராகப் பீய்ச்சினால், சீம்பால் குறைவும் ஈ.கோலி கிருமியும் காரணமாக இருக்கலாம். அது விரைந்து கொல்லும். அதன்பின் இரண்டு வாரம்வரை ரோட்டா, கொரோனா வகை வைரஸ்கள் காரணமாகலாம். களிமண் போல வெளிறி, கடும் நாற்றத்துடன், வயிறு உப்பி இருந்தால் உருண்டைப் புழுவை ஐயுறலாம். தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வரும் புழு அது. பத்துப் பதினைந்தாம் நாளில் முதல் புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கன்று முக்கி முக்கி இரத்தமும் சளியுமாகக் கழிந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். இவை ஐயங்களே, சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டினால் புழு முட்டை உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள்.

தொப்புளை என்ன செய்வது?

டிங்சர் அயோடினில் பிறந்தவுடன் ஒருமுறையும், அடுத்த இரண்டு மூன்று நாள் காலை மாலையும் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொவிடோன் அயோடின். சாணமும் சாம்பலும் அப்பக் கூடாது. தொப்புள் தடித்து, சுட்டு, சில நாளில் முழங்கால் மூட்டு வீங்கினால் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. அதற்கு ஊசி மருந்து பல நாள் தேவைப்படும். நம் கரையில் காக்கைத் தொல்லை வேறு: மீன் உலர்த்தும் இடத்தருகே ஈன்ற கன்றின் ஈரத் தொப்புளையும் வாலடியையும் கொத்திப் புண்ணாக்கும், அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். பலவீனமான கன்றைத் திறந்தவெளியில் தனியே விட வேண்டாம்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் என்ன?

மனிதர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவை நிறுத்தி, நஞ்சை உள்ளேயே தேக்கும். நுண்ணுயிர்க்கொல்லியை அரைகுறையாகக் கொடுத்தால், வைரஸ் கழிச்சலுக்கு அது பயன்படாது. குடலின் நல்ல கிருமிகளும் போகும். வளர்ந்த மாட்டுக்கு நாம் அரைத்துக் கொடுக்கும் மிளகு, பூண்டு, பெருங்காய உருண்டைகளையும் அசை போடத் தொடங்காத கன்றின் தொண்டையில் திணிக்க வேண்டாம்.

கிடத்தும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாடைக் காலத்தில் வடகிழக்கிலும், ஆடியில் மணலை வாரி அடிக்கும் கச்சான் காற்றுக்கு மேற்கிலும் பனை ஓலைத் தட்டியோ கிடுகோ கட்டினால் போதும். நான்கு பக்கமும் அடைத்தால் மூத்திர நெடி தங்கி இருமல் வரும். உலர் மணல் நல்ல படுக்கை. நனைந்ததை நாள்தோறும் வாரிவிட்டுப் புது மணல் போட வேண்டும். நோயுற்ற கன்று மற்ற கன்றுகளிலிருந்து தள்ளி இருக்கட்டும். அதற்குப் பால் ஊட்டுபவர் மற்றவற்றுக்கு முதலில் ஊட்டிவிட்டு இதற்குக் கடைசியில் வர வேண்டும். சில கழிச்சல் கிருமிகள் மனிதர்க்கும் தொற்றும் என்பதால், சிறு பிள்ளைகளைத் தொட விடாமல், சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

எந்த நிலையில் மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும்?

சூடேற்றி இரண்டு மணி நேரமாகியும் வெப்பம் 100-ஐத் தொடாவிட்டால், 104-க்கு மேல் நின்றால், சப்புதல் அறவே போய்விட்டால், இரத்தம் கழிந்தால், மூட்டு வீங்கினால், ஈறு வெளிறி, உடலெங்கும் உண்ணி இருந்தால், தலையைப் பின்னுக்கு வளைத்து வலிப்பு வெட்டினால் அழைத்தே ஆக வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகம் தொலைவென்றால், நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். அழைக்கும் முன் எடை, வயது, வெப்பம், எத்தனை முறை கழிந்தது, எவ்வளவு நீர் ஊட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கன்னுக்கு முடியலை, உடனே வாங்க" என்று மட்டும் சொல்வதைவிட, அந்த ஐந்து செய்தியும் மருத்துவர் எந்த மருந்தோடு புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும்.

தேறிய கன்றை எப்போது மீண்டும் மந்தையில் விடலாம்?

சாணம் கெட்டியாகி மூன்று நாள் கடந்து, தானே எழுந்து வாலை ஆட்டிக் குடிக்கும்போது தாயிடம் விடலாம். ஆனால் மந்தையோடு மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டாம். கண்மாய்வரை போய்வரும் நடையையே அதன் கால் தாங்காது. இன்னும் இரண்டு வாரம் கிடையில் நிறுத்தி, மாலையில் தாய் திரும்பும்போது சேர்க்க வேண்டும். பல நாள் பிரிந்திருந்த தாய் முகர்ந்துவிட்டு உதைக்கக்கூடும். அப்போது தாயின் பாலையே கறந்து கன்றின் முதுகிலும் வாலடியிலும் தடவி, முதல் இரண்டு வேளை தாயின் காலைக் கட்டிவிட்டு ஊட்டினால், பெரும்பாலும் மூன்றாம் வேளையில் அதுவே நக்கத் தொடங்கிவிடும்.